காணாத ஒளியைக் கண்டோம்

பச்சை இலைகள் பனி மூடியது போல் வெண்மையாக ஒளிரும் படத்தைப் பார்த்ததுண்டா, தோழியரே? ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலறிஞர் 1910-இல் வெளியிட்ட அகச்சிவப்புப் படங்கள் அத்தகையவை. இலைகள் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதே அதற்குக் காரணம். அறிவியல் மன்றத்தில் இதைக் கேட்டதும், எங்கள் பள்ளி வேப்பமரத்தையும் அவ்வாறே படம் பிடித்துக் கண்காட்சியில் வைக்க ஆசை கொண்டோம்.

பத்தாம் வகுப்புத் தோழியர் ஐவரும் கைச்செலவுக் காசைச் சேர்த்து, இல்போர்டு எஸ்.எஃப்.எக்ஸ். கருப்பு வெள்ளைப் பிலிம் இரண்டு சுருளும் ஒரு பில்டரும் வாங்கினோம். பில்டரைத் தேர்ந்தவள் எங்களுள் ஒருத்தி. “மிகக் கறுப்பானதே மிக நல்லது” என்றாள். மற்ற நால்வரும் தலையாட்டினோம். அதில் 850 என்று எழுதியிருந்தது.

முதற் சுருளைக் கழுவி வாங்கினோம். 36 படங்களும் வெறுமை! முதலில் ஸ்டூடியோ அண்ணனைக் குறை கூறினோம். பிறகு தோழியைக் கடிந்துகொண்டோம். அன்று அவள் மதிய உணவைத் தொடவேயில்லை.

இயற்பியல் சிஸ்டர் சுருளை ஜன்னலருகே பிடித்துப் பார்த்தார்கள். “ஓரத்து எண்கள் தெளிவாக உள்ளனவே! கழுவியதில் பிழையில்லை. இந்தப் பிலிம் எதுவரை காணும் என்று யாராவது பார்த்தீர்களா?” என்றார்கள். ஐவரும் தலை குனிந்தோம்.

நம் கண் சுமார் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை காணும். எங்கள் பிலிம் 740 வரை காணும். 850 பில்டரோ அதற்கும் அப்பாலுள்ள ஒளியைத்தான் விடும். பிலிமின் எல்லை முடிந்த பின்பே பில்டரின் வாசல் திறந்தால் படம் எப்படி விழும்? சாதாரணச் சிவப்பான 25 எண் பில்டர் 600 அளவிலேயே திறந்துவிடும். அதில் வானம் கறுக்கும்; ஆனால் கண் காணும் சிவப்பொளியும் கலப்பதால் இலையின் வெண்மை குறையும். எங்கள் பிலிமுக்கு ஏற்றது 720.

அதைச் சிஸ்டரே இரவல் வாங்கித் தந்தார்கள். அதன் வழியே பார்த்தால் ஏறக்குறைய இருட்டுத்தான். ஆகவே காமிராவை முக்காலியில் நிறுத்தி, மரத்தைப் பார்த்து அமைத்து, ஃபோகஸ் செய்த பின்னரே பில்டரை மாட்டினோம். துவாரத்தை 16-இல் வைத்து, கால், அரை, ஒரு விநாடி என மாற்றி மாற்றி எடுத்தோம். பொத்தானை அழுத்தும் பொறுப்பை அந்தத் தோழிக்கே கொடுத்தோம்.

கறுத்த வானத்தின் கீழ் எங்கள் வேம்பு வெள்ளை வெளேரென நின்றது! அன்று மதியம் அவளைச் சுற்றி அமர்ந்து மன்னிப்புக் கேட்டு, ஐவரும் பகிர்ந்துண்டோம்.

தேர்ந்தெடுக்கையில் தலையாட்டியவர்கள், தவறு நேர்ந்தால் அதிலும் பங்கேற்க வேண்டும். பில்டர் கற்பித்த பாடம் இதுவே.