கலந்து பேசினால் கலகம் தீரும்

ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நிலைக்கு வரும் என்பார்கள் பெரியோர். தேருக்கு மட்டுமா இந்த விதி? பலர் சேர்ந்து செய்யும் எந்த வேலைக்கும் இதுவே விதி. நான்கு பேர் கூடும் இடத்தில் நான்கு கருத்துகள் எழுவது இயற்கை. கருத்து வேறுபடுவது குற்றமன்று. அது பகையாக முற்றும்வரை பேசாதிருப்பதே குற்றம்.

நம் புதுவை மண்ணே இதற்குச் சாட்சி. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்குள்ள பஞ்சாலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டு வ. சுப்பையா அவர்களின் தலைமையில் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 தொழிலாளர்கள் உயிர் நீத்தனர். மறு ஆண்டு, 1937 ஏப்ரலில், எட்டு மணி நேர வேலைக்கான ஆணை பிறந்தது. பின்னால் கொடுத்ததை முன்னாலேயே உட்கார்ந்து பேசிக் கொடுத்திருந்தால், அந்தப் பன்னிரண்டு வீடுகளிலும் விளக்கு அணைந்திராதே! இதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

பேசித் தீர்த்த வரலாறும் உண்டு. அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியபோது, தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாதிருக்க ஆலை முதலாளிகள் மிகைப்படி கொடுத்தார்கள். 1918இல் அதை நிறுத்தினார்கள். முதலாளிகள் 20 சதவீத உயர்வுக்கு மேல் இல்லை என்றார்கள். தொழிலாளர்கள் 50 கேட்டார்கள். முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா! காந்தியடிகள் கூலி விவரங்களை ஆராய்ந்து, 35 சதவீதமே நியாயம் என்றார். கதவடைப்பும் உண்ணாவிரதமும் கடந்து, இருதரப்பும் நடுவர் தீர்ப்புக்கு உடன்பட்டன. நடுவர் ஆனந்தசங்கர் துருவா அளித்த தீர்ப்பும் 35 சதவீதமே. வழக்கு இருந்தது, ஆனால் அக்கா தம்பி பாசம் அறுபடவில்லை.

பெரிய ஆலைகளுக்குத்தான் இதெல்லாம் என்று எண்ண வேண்டாம். என் அம்மா நடவு வேலைக்குச் செல்பவர். கிருமாம்பாக்கத்திலிருந்து பதினான்கு பெண்கள் ஒரு குழுவாகப் பாகூர்ப் பக்கத்து வயல்களுக்குப் போவார்கள். காணிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, வரும் பணத்தைச் சமமாகப் பங்கிடுவார்கள். ஒரு காலாண்டு விடுமுறையில் நானும் கஞ்சித்தூக்குடன் உடன் சென்றேன். அன்று வரப்பில் பெரிய சச்சரவு. குழுவில் வயது முதிர்ந்த ஆயா ஒருவர். அவர் மெதுவாக நடுவதால் வேலை தாமதமாகிறது, அவருக்கு ஏன் சமபங்கு என்று இளையவர்கள் கேட்டார்கள். ஆயா ஒன்றும் சொல்லாமல் சேற்றுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூலிதான் அவருடைய அடுப்பு எரிவதற்கு ஒரே வழி.

அம்மா சத்தம் போடவில்லை. "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. வேலை எங்க நிக்குது?" என்று மட்டும் கேட்டார். சொல்லச் சொல்ல உண்மை வெளிவந்தது. நாற்றுமுடி கைக்கு எட்டாமல், வேகமாக நடுகிறவர்களே அடிக்கடி கரைக்குப் போய் எடுத்து வர வேண்டியிருந்தது. தாமதம் அங்கேதான்!

"ஆயா, நீ நடவுல குனிய வாணாம். கரை ஓரமா நின்னு முடியை எடுத்து வீசிக்கினே இரு" என்றார் அம்மா. அன்று வெயில் சாய்வதற்குள் நடவு முடிந்தது. பங்கும் சமமாகவே பிரிந்தது. யாரும் மறுக்கவில்லை.

இதிலிருந்து நான் அறிந்தவை மூன்று. குற்றவாளியைத் தேடும் முன் காரணத்தைத் தேட வேண்டும். வாய் திறவாதவரின் குறையையும் கேட்க வேண்டும். ஒத்துழைப்பு என்பது வாயடைத்துப் பணிந்து போவதன்று. நியாயத்தை உரத்துச் சொல்லலாம், ஆனால் எதிரே இருப்பவரும் நாளை நம்மோடு வேலை செய்ய வேண்டியவர் என்பதை மறவாமல் சொல்ல வேண்டும்.

அன்புத் தோழியரே! நாளை நாம் மருத்துவமனையிலோ, அலுவலகத்திலோ, ஆலையிலோ, வயலிலோ பணிபுரியப் போகிறவர்கள். பிணக்கு எல்லா இடத்திலும் வரும். அது வரும் நாளில், கை ஓங்கும் முன் காது கொடுப்போம். ஓர் ஆயாவின் அடுப்பும் அணையாதிருக்கட்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, கிருமாம்பாக்கம்