முக்கூடலில் ஒரு மூழ்கும் திட்டம்

செங்கற்பட்டிலிருந்து காஞ்சீபுரம் போகும் சாலையில் பழைய சீவரத்தில் இறங்கிப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கை கோத்துக்கொள்ளும் இடம். அப்பன் வேங்கடேசப் பெருமாளைச் சேவித்துவிட்டு வரலாமென்று என் அக்கா பையனையும் அழைத்துப் போனேன். என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை. கோயிலுக்கு என்றதும் இவ்வளவு சாதுவாகக் கிளம்புகிறானே என்று அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்!

பாலத்தின் நடுவில் நின்றுவிட்டான். தடுப்பணைப் பக்கம் தேங்கி நின்ற தண்ணீரையே பார்த்தான்.

"சித்தி, இங்கே எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"எதற்கடா கேட்கிறாய்?"

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் வெளியே வந்தது. ஓர் இரும்புப் பீப்பாய், பின்னால் ஒரு மோட்டார், மேலே ஆளின் தலை தெரியும்படி ஒரு கண்ணாடிக் குமிழ். ஒரே ஓர் ஆள் செல்லக்கூடிய நீர்மூழ்கிக் கப்பலாம்! அவனும் சிநேகிதனும் விடுமுறையில் கட்டப் போகிறார்களாம். பீப்பாய் கிடைத்துவிட்டது. மொட்டை மாடியில் வெளிச்சத்துக்காகப் பதிக்கிறார்களே, அந்த அக்ரிலிக் டோம் ஒன்றும் வாங்கியாகிவிட்டது. இரண்டடி விட்டம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, பத்திரிகைக்காக எப்போதோ படித்தது நினைவில் இருந்தது. "பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குத் தண்ணீரால் மட்டும் ஒரு கிலோ கூடுதல் அழுத்தம். உன் டோமுக்குக் கணக்குப் போடு" என்றேன். கைக்கட்டை விரலால் செல்போனைத் தட்டினான். ஏறக்குறைய மூன்று டன்! மழைக்கும் காக்கைக்கும் செய்த குமிழின் தலையில் ஒரு யானை.

வெளிநாடுகளில் வீட்டுக் கொல்லையில் இப்படிக் கட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் தலைவலி இந்தக் குமிழ்தான். சாதாரணக் கண்ணாடி சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும். அக்ரிலிக் சற்று நல்ல சுபாவம். பெரும்பாலும் முதலில் மயிரிழைக் கீறல்களைக் காட்டி எச்சரிக்கும். ஆனால் அது தடிமனாக வார்க்கப்பட்டு, சீராகச் சூடாற்றப்பட்டு, சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பளபளப்பாக்குகிறேன் என்று ஸ்பிரிட்டால் துடைத்தாலே கீறல் விழலாம்.

1960 ஜனவரியில் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் 'டிரியெஸ்டே' என்ற கலத்தில் உலகின் மிக ஆழமான பள்ளத்துக்கு இறங்கியபோது, நடுவழியில் வெளிப்பக்க ஜன்னல் ஒன்று விரிசல் விட்டுக் கலமே குலுங்கியது. அவர்கள் இருந்த உருண்டைக்கு ஆபத்தில்லை, திரும்பி வந்தார்கள். 2023 ஜூனில் 'டைட்டன்' திரும்பவில்லை. டைட்டானிக்கைப் பார்க்கப் போன ஐந்து பேரும் மாண்டார்கள். அதைச் சொன்னதும் பையன் காகிதத்தை மடித்தான்.

"அப்போ நம்ம ஊரில் யாருமே செய்யலையா, சித்தி?"

செய்கிறார்கள். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் 'மத்ஸ்யா 6000', மூன்று பேருடன் 6,000 மீட்டர் இறங்குவதற்கென்று உருவானது. அதற்கான டைட்டானியம் உருண்டை 80 மில்லிமீட்டர் தடிமன். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அந்தக் கலத்தை எஃகு உருண்டையுடன் நீரில் இறக்கிச் சோதித்தார்கள். கெட்டிக்காரர்களே அப்படிப் படிப்படியாகத்தான் இறங்குகிறார்கள்!

கோயிலுக்குள் போனோம். 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு சுவரில் இருக்கிறது. இங்கே பதினைந்து படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரி இருந்ததாம். வைத்தியர், ரண சிகிச்சை செய்பவர், பணிப்பெண்கள், அவர்கள் சம்பளம், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் எல்லாம் கல்லில். பையன் வெகுநேரம் அதன் எதிரே நின்றான்.

"இப்போ இங்கே பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கு, சித்தி?" என்று மெல்லக் கேட்டான்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. காக்கை கொத்தாமல் அதன்மேல் இரண்டடி விட்டத்தில் ஒரு டோம்.