சொல்லிட்டுத் தொடுங்க

நான் போயிருந்த செவிலியர் கல்லூரியின் ஸ்கில் லேபில் இரண்டு வகைப் பொம்மைகள் உண்டு. ஒன்று கணினியோடு இணைத்த முழு உருவம். கண் சிமிட்டும், மூச்சு விடும். விலை அதிகம் என்பதாலோ என்னவோ, பெரும்பாலும் உறைக்குள்ளேயே கிடக்கிறது. இன்னொன்று நார்வேயின் லேர்டல் நிறுவனம் செய்த மாமாநேட்டலி. வயிறும் இடுப்பும் மட்டும்தான், தலை கிடையாது. ஆசிரியை அதைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிடுகிறார். குழந்தைப் பொம்மையை வெளியே தள்ளுவது, ரத்தக் குழாயைத் திறந்துவிடுவது, கருப்பையை இறுக்குவது, தளர்த்துவது எல்லாம் அவர் கைவேலை. வலியில் கத்துவதும் அவரேதான்.

அன்றைக்குப் பாடம் பிபிஎச், அதாவது பிரசவத்துக்குப் பிந்தைய பெரும் உதிரப்போக்கு. குழந்தை பிறந்தது, நஞ்சும் விழுந்தது. சற்று நேரத்தில் சிவப்புத் தண்ணீர் கட்டிலில் பரவியது. மூன்று மாணவிகள். ஒருத்தி வயிற்றின் மேல் கைவைத்துக் கருப்பையைத் தேய்த்தாள். ஒருத்தி மருந்துத் தட்டைத் துழாவினாள். மூன்றாமவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“என்னம்மா ஆச்சு எனக்கு? கண்ணு இருட்டிக்கிட்டு வருது” என்றார் மேடம். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். திட்டு விழும் என்று நான் எதிர்பார்த்தேன்; கேள்விகள்தான் வந்தன. எவ்வளவு ரத்தம் போயிருக்கும்? முந்நூறு மில்லி என்றார்கள். அளந்தால் எழுநூறு. கண்ணளவை நம்பினால் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவோம். அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரித்து, மசாஜ், மருந்து, டிரிப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்கும் முறையை நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் சோதித்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, கடும் ரத்தப்போக்கு முதலிய பாதிப்புகள் 60 சதவீதம் குறைந்தன. புதிய மருந்து எதுவும் அதில் இல்லை.

“ஆக்சிடோசின் டிரிப் யார் போட்டது?”

முதல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றவள் போட்டிருப்பாள் என்று இருவருமே நினைத்திருக்கிறார்கள்.

“டாக்டரைக் கூப்பிடச் சொன்னியா?”

“மனசுக்குள்ள சொன்னேன் மேடம்.”

வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தப் பதிலைத் தாண்டிப் போக முடியவில்லை. ரத்தப்போக்கை நிறுத்த டிரானெக்சாமிக் அமிலம் ஒரு கிராம், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் என்று இந்தப் பெண்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்கள். மூத்தவர்கள் நிறைந்த லேபர் வார்டில் குரலை உயர்த்திப் பேச மட்டும் அவர்களை யாரும் பழக்கியதில்லை. கேள்வி கேட்டால் எதிர்த்துப் பேசுகிறாள் என்று பெயர் வாங்கும் நம் கல்லூரிகளில் அது தானாக வந்துவிடாது.

பொம்மை வைத்துப் பிரசவம் கற்பிப்பது பழைய வழக்கம்தான். 1759இல் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணையோடு மதாம் து கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியால் தைத்த தாய்-சேய் பொம்மையுடன் ஊர் ஊராகப் போய்ப் பாடம் எடுத்தார். அவருடைய பொம்மைகளில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாம் சுற்றில் குரல்கள் எழுந்தன. “லிட்டர் சலைன்ல ஆக்சிடோசின் இருபது யூனிட்.” “இருபது யூனிட், போட்டாச்சு, மணி பதினொண்ணு இருபது.” கேட்டதைத் திருப்பிச் சொல்லி, முடித்ததையும் சொல்ல வேண்டும். நேரத்தை ஒருத்தி எழுதிக்கொள்கிறாள். கேட்க நாடகம்போலத்தான் இருந்தது. ஆனால் டிரிப் நிஜமாகவே ஏறியது.

பல வருடம் லேபர் வார்டில் இருந்தவர் அந்த ஆசிரியை. “இதைக் கட்டிக்கிட்டுப் படுத்த அன்னைக்குத்தான் சார் தெரிஞ்சுது, கீழ இருந்து பார்த்தா எங்க உச்சந்தலை மட்டும்தான் தெரியும்னு” என்றார். அதனால் மாணவிகளும் முறைவைத்துப் பொம்மையைக் கட்டிக்கொண்டே ஆக வேண்டும் என்பது அவர் வைத்த விதி. முதல் சுற்றில் அசையாமல் நின்றவளுக்கு அடுத்த முறை வந்தது. படுத்தவுடனே ஆரம்பித்துவிட்டாள்: “ஏய், சொல்லிட்டுத் தொடுங்கடி!”