வண்டிப்பாதையைத் தொலைத்துவிடாதீர்கள்



பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் தார் ரோட்டோடு திரும்பிவிடுகிறீர்கள். அதற்கு அப்பால் கழனிக்குப் போகும் மண் பாதையைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

நம் உத்திரமேரூர்ப் பக்கத்து வண்டிப்பாதைகள் மாட்டு வண்டிக் காலத்தவை. கிராம 'அ' பதிவேட்டில் 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்றே இருக்கும். வண்டி ஓடியவரை அகலமும் இருந்தது. வண்டி நின்றதும் இரு பக்கத்தாரும் வருஷத்துக்கு ஒரு சால் சேர்த்து உழுதார்கள். இன்று பல இடங்களில் மிஞ்சியிருப்பது வரப்புதான்.

இப்போது அறுப்புக்கு ஆள் இல்லை, இயந்திரம்தான். அது வரப்பில் வராது. என் தங்கையின் நவரை நெல் முற்றியும் நின்றது. முன் வயல்காரர் அறுத்த பிறகுதான் அவர் தாள் மேல் இயந்திரத்தை ஓட்டிவர முடிந்தது. நடுவில் ஒரு மழை. பாதிக் கதிர் சாய்ந்துவிட்டது.

பொதுப் பாதை அரசின் சொத்து என்று 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமே சொல்கிறது. பக்கத்து வயல்காரர் உழுதார் என்பதற்காக அது அவர் பட்டா ஆகிவிடாது.

இன்னொன்றும் கவனியுங்கள். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்குள் வரும் ஏரி, ஓடை, வாய்க்கால் உள்ள அரசு நிலங்களைப் பற்றியது. நம் பாதைகள் பல வாய்க்கால் கரைமேல்தான் போகின்றன. கரைக்கு என்ன ஆகிறதோ அதுதான் பாதைக்கும். நாளை ஒரு பெரிய திட்டம் வந்து, "இங்கே பாதை எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், வரப்பைக் காட்டி வாதாட முடியுமா?

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். 'அ' பதிவேடும் புலப்படமும் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. சென்னையிலோ துபாயிலோ இருந்தபடியே எடுத்து அப்பாவுக்கு அனுப்புங்கள். படத்தில் பாதை இருந்து தரையில் இல்லையென்றால், அளந்து கல் நடக் கேட்டு தாலுகா ஆபீசில் மனு கொடுக்கச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் தீர்மானமாகவும் எழுதச் சொல்லுங்கள். அண்ணன் தம்பிக்குள் சண்டை வேண்டாம், அளவுக்கல் பேசட்டும்.

முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை உங்களுக்கு எத்தனை முறை நடத்தியிருப்பேன்! ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் வைத்திருந்த ஊர் இது. பொதுச் சொத்தைப் பார்த்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல.

உங்கள் ஊர்ப் பாதை எப்படி இருக்கிறது? கீழே எழுதுங்கள்.