சின்னசேலத்தில் ஒரு துருப்பிடித்த ஹெரால்டு... வாங்கலாமா, வெட்ட விடலாமா?

சேலத்திலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு, சின்னசேலம் என்பது ஆத்தூர் தாண்டியதும் வரும் ஒரு பெயர்ப்பலகை. அவ்வளவுதான். ஊருக்குள் இறங்கினால் சேலம் - விருத்தாசலம் ரயில் பாதை, மக்காச்சோள மூட்டை ஏற்றும் லாரிகள், வடக்கே நீலக்கோடாகக் கல்வராயன் மலை என்று ஒரு சாவகாசமான ஊர் இருக்கிறது.

நாங்கள் போனது மலையைப் பார்க்க அல்ல. ஒரு காரைப் பார்க்க.

1965 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தகரக் கொட்டகையில் 20 வருடங்களுக்கு மேல் நின்ற வண்டி. வாங்க ஆசைப்படுபவர் என் தாய்மாமா. சேலத்தில் லேத் பட்டறை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். விற்க நினைப்பவர் அந்த வீட்டு மகன். மனசில்லாமல் நிற்பவர் அவருடைய அம்மா. இடையில் ஒரு காயலான் கடைக்காரர் 25,000 ரூபாய் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு ஆள் வராவிட்டால் கேஸ் கட்டரோடு வந்துவிடுவார்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன்

இன்றைய பிள்ளைகளுக்கு ஹெரால்டு என்றால் தெரியாது. தாத்தாக்களைக் கேளுங்கள், கண் மலரும். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டு, இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த வடிவம். அதே ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டி 1962-ல் உருவாக்கிக் கொடுத்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். உலகம் முழுக்க ஆட்கள் துருப்பிடித்த நிலையில் வாங்கி, வீட்டு கராஜில் வருடக்கணக்கில் சரிசெய்துகொண்டிருக்கும் அந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்.

ஸ்பிட்ஃபயர் நம் ஊரில் தயாராகவில்லை. ஆனால் அதன் அண்ணன் தயாரானான். வேறெங்கோ அல்ல, சென்னை வண்டலூர் பக்கம். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-ல் ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியது. 948 சிசி இன்ஜின், முதலில் இரண்டு கதவு, 1960-களின் பிற்பகுதியில் நான்கு கதவு. பிறகு அதே இன்ஜினோடு 'கெஸல்' வந்தது. கடைசியாக 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000'. அது விற்கவில்லை, 1988-ல் கதை முடிந்தது. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நடுவே தமிழ்நாட்டிலேயே செய்த ஒரு கார் இருந்தது என்பதை நாம் கொஞ்சம் வேகமாகவே மறந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றும்.

காந்தம் சொன்ன உண்மை

மாமா சட்டைப் பையிலிருந்து எடுத்தது ஒரு சின்னக் காந்தம். கதவில் ஒட்டியது. முன் சக்கரத்துக்குப் பின்னால், கீழ்ப்பகுதியில் வைத்தார். பொத்தென்று விழுந்தது. "தகரமே இல்லை, முழுக்கப் பட்டி. பெயின்ட்டு வேற அழகா அடிச்சிருக்கான்" என்றார்.

பெரும்பாலான கார்களில் இது கெட்ட செய்தி. ஹெரால்டில் அப்படியல்ல. அந்தக் காலத்தில் பல கார்கள் பாடியும் சேஸியும் ஒன்றாக வெல்டு செய்த ஒற்றைக் கூடாக மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டுக்கோ தனி சேஸி. பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு அதன் மேல் பூட்டியிருப்பார்கள். கீழ்ப்பலகைத் தகரம் போய்விட்டால் கழற்றிவிட்டு வேறு போடலாம். சேஸி போயிருந்தால்தான் ஆபத்து. அதனால் மாமா பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. சாக்கை விரித்துப் படுத்து, அடியில் போய் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நடுச்சட்டம் 'டங்' என்றது. பக்கவாட்டுக் கைகளில் இரண்டு 'டப்' என்றன. அந்த இரண்டையும் வெட்டிப் புதிதாகச் செய்யவேண்டும்.

பானெட்டைத் திறந்ததும் நான் வாய்பிளந்தேன். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் காரின் மூக்கு மொத்தமாக முன்பக்கம் மடிகிறது. இன்ஜின் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இன்ஜின் இறுகிக் கிடந்தது. செல்ஃப் போட்டுப் பார்க்கலாமா என்று மகன் கேட்டதும் மாமா பதறிவிட்டார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவிட்ட பிறகுதான் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்கவேண்டுமாம்.

முன்சக்கரம் திரும்பும் இடத்தில் டிரன்னியன் என்று ஒரு பாகம். அதற்கு கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான். தெரியாமல் கிரீஸ் அடித்தே ஓட்டினால் உள்ளே துரு அரித்து, ஒருநாள் உடைந்து சக்கரம் மடங்கிவிடும். பழைய ஹெரால்டு பார்க்கப் போகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்.

தகரப் பெட்டியில் இருந்த புத்தகம்

துருவை வெல்டிங் சரிசெய்யும். காகிதம் இல்லாவிட்டால் எதுவும் சரிசெய்யாது. மாமா ஆர்.சி. புக் கேட்டபோது மகன் கையை விரித்தார். அதுவரை வாசலில் நின்றிருந்த அம்மா உள்ளே போய், தகரப் பெட்டியோடு வந்தார். பட்டுப்புடவைக்கு அடியில் ஆர்.சி. புக். தென்னாற்காடு மாவட்டக் காலத்தது. அதற்குப் பிறகு இந்த ஊர் 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வந்துவிட்டது. வண்டி கொட்டகையை விட்டு நகரவில்லை.

சேஸி எண் பலகையில் மண்ணெண்ணெய் துணியால் கால் மணி நேரம் துடைத்த பிறகு எண்கள் தெரிந்தன. ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒத்துப்போனது. ஒத்துப்போயிருக்காவிட்டால் மாமா அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்.

உரிமையாளர் இறந்துவிட்டதால், நேராக மாமா பெயருக்கு மாற்ற முடியாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, படிவம் 31 மூலம் முதலில் குடும்பத்தார் பெயருக்கு வரவேண்டும். பிறகுதான் விற்பனைக்கான 29, 30. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த வின்டேஜ் விதியும் இருக்கிறது: 50 வயது தாண்டி, அசல் வடிவில் இருக்கும் வண்டிகளுக்கானது. ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம், பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம்.

அங்கேதான் சிக்கல் வந்தது. "வண்டிய வெட்டாம ஓட்ட வெச்சா, என்னை ஒருதடவ வெள்ளிமலைக்குக் கூட்டிட்டுப் போகணும் தம்பி. அவரு அடிக்கடி போவாரு, என்னைக் கூட்டிட்டுப் போனதே இல்ல" என்றார் அம்மா. அவர் கணவர் மலைக்கு ஓட்டிய காலத்தில் மேலே இன்னும் ஜாகிர்தார்கள் அதிகாரம் நடந்துகொண்டிருந்தது. நாடு 1947-ல் விடுதலை அடைந்தாலும், கல்வராயன் மலையில் ஜாகிர் முறை ஒழிந்தது 1976-ல்தான்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினால் வளைவு மேல் வளைவு. 25 அடி வட்டத்துக்குள்ளேயே திரும்பிவிடும் ஹெரால்டுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் வேகமாக வளைத்தால் பின்சக்கரம் உள்பக்கமாக மடியும் குணமும் அதற்கு உண்டு. "மெதுவாத்தான் போவேன்க்கா" என்ற மாமா, வின்டேஜ் பதிவு வேண்டாம், சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளலாம் என்று அங்கேயே முடிவெடுத்தார். செலவும் அலைச்சலும் கூடும். வீட்டில் அத்தைக்கு இது இன்னும் தெரியாது.

40,000 ரூபாய்க்குப் பேசி, 5,000 முன்பணம். மீதி, பெயர் மாறிய பிறகு. காயலான் கடைக்காரருக்கு மகனே போன் செய்து சொல்லிவிட்டார்.

வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. வண்டி இப்போதும் கொட்டகையில்தான். மாமா மட்டும் வாரம் ஒருமுறை சின்னசேலத்துக்கு பஸ் ஏறி, பிளக் ஓட்டைகளில் எண்ணெய் விட்டுவிட்டு வருகிறார். போன வாரம் இன்ஜின் கால் சுற்று திரும்பியதாம்.