ஷூவின் கண்

உங்கள் வீட்டில் ஓடியாடும் பிள்ளை யாராவது உண்டா? உண்டென்றால், இன்று ராத்திரி அது தூங்கின பிறகு வாசலில் கிடக்கும் ஷூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாற்றத்துக்குப் பயந்தால் ஆகாது. அடிப்பாகம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை. அதை எல்லோரும்தான் பார்க்கிறோம். நாடா கோக்கும் துவாரங்கள் இருக்கின்றனவே, அந்தக் கண்களைப் பாருங்கள்.

நான் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது திருச்செந்தூரில், லீவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது. கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் குளித்து, முருகனைத் தரிசித்து, எல்லாம் ஆயிற்று. அதையெல்லாம் எழுதினால் ஆசிரியர் "இதைத்தான் போன வருஷமே போட்டோமே" என்பார். ஆகையால் ஷூவுக்கே வருகிறேன்.

அண்ணன் மகள் பத்தாவது படிக்கிறாள். எண்ணூறு மீட்டர் ஓடுவாள். "பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்று இரண்டு வருஷம் முனகிய அண்ணன், ஒருவழியாக மனம் இளகி ஒரு ஷூ வாங்கிக் கொடுத்திருந்தான். அதன் விலை அந்த வீட்டில் தினம் ஒரு தடவையாவது காதில் விழும். மறுநாள் காலை தூத்துக்குடியில் போட்டி. ராத்திரி ஏழு மணிக்கு அவள் என்னைக் கொல்லைப் பக்கம் இழுத்துப்போய் ஷூவை நீட்டினாள்.

"அத்தை, அப்பாகிட்டச் சொல்லிராதீங்க."

மேலிருந்து இரண்டாவது கண் பிய்ந்து, ஓரம்வரை வாயைப் பிளந்திருந்தது. ஒரு மாசமாக மறைத்து வைத்திருந்தாளாம். அந்தக் கண்ணை விட்டுவிட்டு நாடா கட்டியதில் ஷூவுக்குள் கால் வழுக்கி, குதிகாலில் கொப்புளம். "தெரிஞ்சா, இதோட போதும்னுருவாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

புது ஷூ வாங்கித் தரலாம்தான். ஆனால் பழகாத ஷூவைப் போட்டுக்கொண்டு பந்தயத்தில் ஓடினால் கால் புண்ணாகும். "மதுரை ரேவதி வீரமணி முதலில் வெறுங்காலோடுதானே ஓடினாள்?" என்று சொல்லிப் பார்த்தேன். "2021ல டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஷூ போட்டுத்தான் போனாங்க, அத்தை" என்று பதில் வந்தது. என் பட்டப் படிப்பு அத்தோடு வாயை மூடிக்கொண்டது.

சில்லுக்கருப்பட்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் வெளியே வந்தோம். செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்று ஷூவைக் கொடுத்தேன். விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஓடிப் பிய்ஞ்சதில்லம்மா. கழட்டிப் பிய்ஞ்சது."

எவ்வளவு சரியான பேச்சு! முடிச்சை அவிழ்க்காமல், குதிகாலை மிதித்து ஷூவைக் கழற்றுகிறார்கள் அல்லவா, அப்போது பாரம் முழுவதும் மேல் கண்கள் இரண்டின்மேல் விழுகிறது. போடும்போதும் அதே கதைதான். அடியிலிருந்து ஒவ்வொரு குறுக்காக நாடாவை இறுக்கி வராமல், மேல் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. அதுவும் பக்கவாட்டில்! போதாததற்குக் கடற்கரையில் பயிற்சி. நாடாவில் ஒட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி துணியை அராவிக்கொண்டே இருக்கும். கடலோரத்தில் இரும்புக் கண் வைத்த ஷூ என்றால் உப்புக்காற்றில் துருப்பிடித்து, அந்தத் துரு விளிம்பு நாடாவை அறுக்கும். பித்தளைக் கண் பச்சை பூக்குமே தவிர, சீக்கிரத்தில் இற்றுப் போகாது.

"வளையம் அடிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டவர், தாமே தலையை ஆட்டிக்கொண்டார். "சீலை இருந்தால்ல கண்ணு நிக்கும்? உள்ளே ஒட்டுப் போட்டுத் தைக்கணும். வீட்டுல காஜா எடுக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

இருந்தார்கள். என் அம்மா. அந்தக் காலத்தில் தையற்கடைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துத்தான் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டினாள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிசிறை வெட்டினாள். பழைய பள்ளிக்கூடப் பையிலிருந்து கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்து உட்பக்கம் வைத்துச் சுற்றிலும் தைத்தாள். துவாரத்தைக் கத்தரியால் வெட்ட விடவில்லை. வெட்டினால் இழை அறுந்து மறுபடி பிரியுமாம். கோணி ஊசியால் இழைகளை விலக்கித்தான் வழி பண்ணினாள். நூலுக்கு வலை பின்னும் நைலான் கயிற்றில் ஒரு பிரி. அதில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு ஜாக்கெட்டுக்கு எடுப்பதுபோலவே நெருக்க நெருக்கமாகக் காஜா, முடிச்சு துவாரத்தின் உள்விளிம்பில் விழும்படி. நைலான் நுனியைத் தீயில் லேசாகக் காட்டி உருக்கிவிட்டாள். மொத்தம் முக்கால் மணி நேரம். மற்ற கண்களில் சின்னப் பிசிறுகள் இருந்தன. அவற்றுக்கு என் நகப்பாலிஷில் ஒரு சொட்டு. கலர் சிவப்புத்தான், என்ன செய்வது!

காலையில் ஐந்து மணி பஸ். அண்ணனும் கூட வந்தான். அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. 1984ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி. டி. உஷா ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலப் பதக்கத்தை விட்ட கதையை வழியெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டு வந்தான். இந்த மனிதன் இதையெல்லாம் எப்போது படித்தான்?

அவள் நாலாவதாக வந்தாள். கண் பிரியவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்தவளின் எதிரே அண்ணன் குந்தி, நாடாவை அடிவரை தளர்த்தி ஷூவைக் கழற்றினான். சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தான். அம்மாவின் காஜாவை விரலால் தடவிப் பார்த்தான். என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"இந்தப் பக்கம் இன்னொண்ணும் விடப் பாக்குது" என்றான் மகளிடம். "ராத்திரி ஆச்சிகிட்டக் குடு."