நிபந்தனையோடு வந்தவர்கள்

என் தம்பியின் மகன் கோடை விடுமுறைக்கு இலுப்பூர் வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் நடக்கும். மாவடு ஜாடி சீக்கிரம் காலியாகும். தொலைக்காட்சிப் பெட்டி என் வசத்திலிருந்து அவன் வசத்துக்குப் போய்விடும். முதலாவதைப் பற்றி என் மனைவி கவலைப்படட்டும். இரண்டாவதால் இந்த வருஷம் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது.

அவன் பார்த்தது 'தி ஃபிளாஷ்' என்ற அமெரிக்கத் தொடர். 2014-ஆம் ஆண்டு தொடங்கியது. பாரி ஆலன் என்ற இளைஞனுக்குப் போலீஸ் இலாகாவில் தடயங்களைச் சோதிக்கிற உத்தியோகம். ஒரு நாள் அவனை மின்னல் தாக்குகிறது. பிழைத்து எழுந்தால், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடும் சக்தி வந்திருக்கிறது. சிவப்பு உடை மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றுகிறான். நல்ல பிள்ளை. ஆனால் நல்ல பிள்ளைகளைப் பார்த்தால் கதை எழுதுகிறவனுக்குக் கொட்டாவி வரும். எழுந்து போய்விடலாமா என்று நான் நினைத்த சமயத்தில்தான் லியோனார்ட் ஸ்னார்ட் வந்தான்.

ஸ்னார்ட் திருடன். எதையும் உறைய வைக்கிற துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறான். வென்ட்வொர்த் மில்லர் என்ற நடிகர் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணி வைப்பது போலப் பேசுகிறார். பாரி இவனோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறான். நீ திருடினாலும் கொலை செய்யக் கூடாது. என் முகமூடிக்குப் பின்னால் இருப்பது யார் என்றும் சொல்லக் கூடாது! அப்புறம் ஒரு சங்கடம் வருகிறது. அடைத்து வைத்திருக்கும் அபூர்வ சக்திக் குற்றவாளிகளை ஒரு தீவுக்குக் கொண்டுபோக வேண்டும். துணைக்கு ஆள் இல்லை. பாரி ஸ்னார்ட்டிடம் போய் நிற்கிறான். கூலி என்ன தெரியுமா? உலகத்தில் எங்கெங்கே தன் குற்றப் பதிவுகள் இருக்கின்றனவோ அத்தனையையும் அழித்துவிட வேண்டும். போலீஸ் உத்தியோகஸ்தனான நம் கதாநாயகன் அதற்கும் சம்மதிக்கிறான். வழியில் ஸ்னார்ட் கைதிகளைத் தப்பவிட்டு விடுகிறான்.

"பாரிக்கு அறிவே இல்ல பெரியப்பா. திருடன்னு தெரிஞ்சுதானே கூப்பிட்டான்?" என்று பையன் கொதித்தான்.

ஸ்னார்ட்டின் கட்சியும் ஏறக்குறைய அதுதான். நான் இன்னான் என்பதை எப்போதாவது மறைத்தேனா என்கிற பாவனையில் பதில் சொல்லிவிட்டுப் போகிறான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. தன் விலையை முதலிலேயே சொன்னவன் அவன். உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டு விலையைக் கொடுத்தவன் பாரி.

பையன் இதைப் புது விஷயம் என்று நினைக்கிறான். நானோ 1987-ஆம் வருஷம் ஞாயிறு காலைகளில் எதிர்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ராமானந்த் சாகரின் 'ராமாயண்' பார்த்தவன். பாஷை புரியாது, கதை தெரியும். அதில் சுக்கிரீவனைக் கண்டால் எங்களுக்கெல்லாம் ஆகாது. 'என் அண்ணனைக் கொன்று கொடு, உன் மனைவியைத் தேடித் தருகிறேன்' என்பதுதானே அவனுடைய பேச்சு? ராஜ்யம் கைக்கு வந்ததும், மழைக்காலத்தைச் சாக்கு வைத்துக் கள்ளிலும் களியாட்டத்திலும் வாக்கை மறந்துவிடுகிறான். லட்சுமணன் வில்லோடு வர வேண்டியிருக்கிறது. கம்பர் அந்த இடத்தில் தாரையை முன்னே அனுப்புகிறார். தாலியிழந்த கோலத்தில் அவள் வந்து நிற்க, தன் தாய்மாரின் நினைவு வந்து லட்சுமணனின் கோபம் தணிகிறது. ஆனாலும் எனக்கு எப்போதும் சிரிப்பு மூட்டுகிற இடம் வேறு. விபீஷணன் அடைக்கலம் என்று வரும்போது, அண்ணனை விட்டு வந்தவனை நம்பலாமா என்று சந்தேகம் கிளப்புகிறவர்களில் சுக்கிரீவனும் ஒருவன்! சொல்ல அவனுக்கென்ன வாய் இருக்கிறது?

சிரிக்க எங்கள் சீமைக்காரர்களுக்கும் அவ்வளவு வாய் இல்லை. திருச்சியில் நான் படித்தபோது, புதுக்கோட்டைப் பக்கம் என்று சொன்னதும், "கட்டபொம்மனைப் பிடிச்சுக் கொடுத்த ஊரா?" என்று அறைத் தோழன் கேட்டான். 1959-இல் வந்த சிவாஜி படம் அவனுக்கு மனப்பாடம். கேள்வியில் பிசகில்லை. 1799-இல் தொண்டைமானின் ஆட்கள்தான் பிடித்துக் கும்பினியாரிடம் கொடுத்தார்கள். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கு. கும்பினிக்குச் செய்த உதவிகளுக்காகத் தொண்டைமானுக்குக் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த நாடும் கிடைத்தன. வருஷத்துக்கு ஒரு யானை கப்பம் என்று நிபந்தனை. அந்த யானையை யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. பிறகு தள்ளுபடியே செய்துவிட்டார்கள். சமஸ்தானமும் 1948 மார்ச் வரை நிலைத்தது. இந்த யானைக் கதையைச் சொல்லித்தான் அன்று பேச்சை மாற்றினேன்.

ஸ்னார்ட்டைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தவர் இவர்கள் ஒருவரும் அல்ல, எங்கள் ஊர்ச் செங்கல் சூளைக்காரர்.

1998-இல் எங்கள் குளத்து வரத்து வாய்க்காலை ஒரு பெரிய மனிதர் வேலி போட்டு அடைத்துவிட்டார். பலசரக்குக் கடை வைத்திருந்த என் அப்பா இரண்டு வருஷம் மனு எழுதினார். நாணயமான மனிதர், அதனால் மனு மட்டும்தான் எழுதத் தெரியும். ஒரு நாள் சூளைக்காரர் கடைக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"அண்ணே, வாய்க்காலை நான் திறந்து விடுறேன். எனக்குத் தெரிஞ்ச ஆளுக இருக்காக. குளத்துல மண்ணெடுக்க அனுமதி வாங்கப் போறேன். அதுக்கு நீங்க மனுப் போடக் கூடாது. மூணடிக்கு மேல தொட மாட்டேன்."

அப்பா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் சரி என்றார். பத்தே நாளில் சர்வேயர் வந்தார், வேலி போயிற்று. ஐப்பசி மழையில் குளம் நிறைந்து கலிங்கு வழிந்தபோது ஊரே போய் நின்று பார்த்தது. அப்பா போகவில்லை.

மறு கோடையில் சூளைக்காரர் மூன்றடியில் நிற்கவில்லை, பத்தடி போய்விட்டார். அப்பா சூளைக்கே போய்க் கேட்டார். "பேசினது மூணடிதாண்ணே. ஆனா மண்ணு நல்லா இருந்துச்சே!" என்பது பதில். அடுத்த மழையில் அந்தக் குழியில் ஒரு விதவையின் கறவை மாடு விழுந்து செத்தது. மாட்டுக்குப் பணம் கொடுத்தவர் அப்பா. எவ்வளவு என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

2003-இல் அப்பா திருச்சியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மஞ்சள் பையில் இருபதாயிரம் ரூபாயோடு முதலில் வந்து நின்றவர் இந்தச் சூளைக்காரர்தான். இரண்டு ராத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். அப்பா அவர் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். அப்படியே போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாளே சூளைக்காரர் வீட்டு வாசலில் நின்றார்.

"வட்டி வேணாம் மதினி, அசல் போதும்."

அம்மா எண்ணிக் கொடுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறு வருஷம் கழித்து ஒரு நாவலில் அவரைக் கொண்டுவந்து எரிச்சலைத் தீர்த்துக்கொண்டேன். குழி, மாடு, பதினேழாம் நாள் கடன் வசூல் எல்லாம் அதில் வந்தன. அந்தப் பாத்திரம் உயிரோடு இருக்கிறது என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். மகள் வாசித்துக் காட்டினாளாம்.

"குழியைப் போட்டீங்க தம்பி, மாட்டைப் போட்டீங்க. சரிதான். வாய்க்காலைப் போடலையே?"

"கதைக்கு இடைஞ்சலா இருந்துச்சு" என்றேன். அது நிஜம். வாய்க்கால் வந்தால் வில்லன் போய்விடுவான்.

அவர் கோபிக்கவில்லை. "எப்படியோ, என்னால உங்களுக்கும் ஏதோ கிடைச்சிருக்கு" என்று சிரித்துவிட்டு, டீக்குக் காசு கொடுத்து – எனக்கும் சேர்த்து – வண்டியில் ஏறிப் போய்விட்டார். நான் அந்த டம்ளரை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன்.

போன வாரம் பையன் இன்னொரு தொடரைப் போட்டுக் காட்டினான். 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ', 2016-இல் வந்தது. ஸ்னார்ட் அதில் கூட்டாளிகளோடு சேர்ந்து காலம் விட்டுக் காலம் பயணம் போகிறான். கடைசியில் ஒரு யந்திரத்தை வெடிக்கச் செய்ய யாராவது ஒருவர் அங்கேயே நின்று அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர்களைப் போகவிட்டு ஸ்னார்ட் நிற்கிறான். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசில நல்லவனாயிட்டான் இல்ல?" என்றான்.

"மண்ணு நல்லா இருந்தா மறுபடியும் பத்தடி வெட்டியிருப்பான்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

சாயங்காலம் இருவரும் குளத்துப் பக்கம் நடந்தோம். குளம் முழுதும் வெடித்துக் கிடந்தது. அந்தக் குழியில் மட்டும் முழங்காலளவு தண்ணீர். ஆடுகள் இறங்கிக் குடித்துக்கொண்டிருந்தன.

"இவ்ளோ பெரிய குழி யாரு வெட்டுனது பெரியப்பா?"

"சொல்றேன் வா. வாய்க்கால்லேருந்து ஆரம்பிக்கணும்" என்று அவனைக் கரை மேல் கூட்டிக்கொண்டு போனேன்.